கரீம் எந்தக் கையால் நெய்கிறான்

சமர்கந்து
10 மே 1932

அன்புள்ள துர்குன் அண்ணாவுக்கு,

தங்கை ஹாஜரின் ஸலாம். இங்கே நான் சுகம். நீங்களும் ஆய்னிஸா அண்ணியும் லோலாக் குட்டியும் நலமாக இருக்கிறீர்களா? அண்ணியின் இருமல் நின்றதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மாஸ்கோவிலிருந்து உளவியல் ஆராய்ச்சியாளர்கள் வந்திருக்கிறார்கள். மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் கேட்பதை நம் மொழியிலும், நம் ஆட்கள் சொல்வதை ருஷ்ய மொழியிலும் சொல்வது என் வேலை. தலைமையில் இருப்பவர் லீதியா பவ்லோவ்னா என்ற அம்மாள். நல்ல மனுஷி. எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜார் காலத்து டாக்டர் ஒருவரின் புத்தகம் இருக்கிறது. நம் மக்களின் மூளையே வேறு மாதிரி என்று அதில் போட்டிருக்கும். அதைப் பற்றி இந்த அம்மாளிடம் கேட்டேன். “யாரோட மூளையும் பிறக்கும்போதே மட்டம் கிடையாது ஹாஜர். வாழ்க்கை மாறினா யோசனையும் மாறும். அதைத்தான் நிரூபிக்கப் போறோம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூனில் ஃபெர்கானாப் பக்கம் வருகிறோம். போகும் ஊர்களின் பட்டியலில் நம் கராதெராக்கையும் சேர்க்கச் சொன்னது நான்தான். ஊரே என்னை வாயில் போட்டு மென்றபோதும் படிக்க அனுப்பியவர் நீங்கள். உங்கள் பேச்சுச் சாமர்த்தியத்தை இவர்கள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்பதற்கு மனம்விட்டுப் பதில் சொல்லுங்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் ஹாஜர்

&nbsp;

கராதெராக்
28 மே 1932

என் கண்மணி ஹாஜருக்கு,

அண்ணனும் அண்ணியும் வாழ்த்தி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். அண்ணியின் இருமல் போய்விட்டது. லோலாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனாலும் நிறுத்துவதில்லை.

வா. நீ வருகிற நேரத்தில் சர்க்கரைப்பாதாமி பழுத்துவிடும். உன் ஆராய்ச்சிக்காரர்களையும் கூட்டி வா. போன வருஷம் மாட்டை எண்ண வந்தார்கள். அப்புறம் கோதுமையை எண்ண வந்தார்கள். இப்போது யோசனையை எண்ண வருகிறார்களாக்கும். ஒரு வீட்டுக்கு எத்தனை யோசனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல். மிச்சத்தை வைக்கோலுக்குள் மறைத்துவிடுகிறேன்.

ஒரு வேடிக்கை. கூட்டுப்பண்ணைக் கணக்கில் என்னை எழுத்தறிவில்லாதவன் என்று பதிந்திருக்கிறார்கள். “நான் எழுதுவேனே” என்றேன். “என்ன எழுத்து?” என்றார் எழுத்தறிவு வகுப்பு வாத்தியார். “நம்ம அரபு எழுத்து.” “அதெல்லாம் இப்ப எழுத்து இல்ல, துர்குன். புது லத்தீன் எழுத்து தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப எழுத்து தெரியாது.” ஆகவே, இந்தக் கடிதம் எழுதத் தெரியாத ஒருவன் எழுதியது.

வகுப்பு நார்மத் வீட்டில் நடக்கிறது. உன் அண்ணி போகிறாள். நான் அந்த வீட்டுக்குள் போவதில்லை.

வரும்போது அண்ணிக்கு நல்ல ஊசிகள் வாங்கி வா.

அண்ணன் துர்குன்

&nbsp;

மர்கிலான்
15 ஜூலை 1932

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். நாங்கள் மர்கிலான் வந்து சேர்ந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. வெயிலைத் தவிர வேறு குறையில்லை. அண்ணி செய்த புலாவை ஆராய்ச்சிக்காரர்கள் இன்னமும் பேசுகிறார்கள்.

எனக்கு உங்கள்மேல் வருத்தம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அன்று நம் முற்றத்தில் நான் லீதியா பவ்லோவ்னாவுக்கும் உங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் கேட்டதை ஒரு சொல் விடாமல் உங்களிடம் சொன்னேன்.

“மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கு. அந்த ஊர்ல தறி போடுற எல்லாரும் இடது கையாலதான் நாடா எறிவாங்க. கரீம் அந்த ஊர்த் தறிக்காரர். கரீம் எந்தக் கையால எறிவார்?”

“அந்த ஊருக்கு நான் போனதில்லீங்க.”

“போகவேண்டாம். நான் சொன்னதை வச்சே சொல்லுங்க.”

“கரீமை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளைப் பத்தி என்னத்தச் சொல்றது?”

“எல்லாரும் இடது கைன்னு சொன்னேனே.”

“நீங்க சொன்னீங்க. நான் பாக்கல. கரீமையே கூப்பிட்டுக் கேட்டுடுங்களேன். டீ ஆறுது, குடிங்க.”

மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டும் அதே பதில். சந்தையில் குதிரைத் தரகர்களையே பேச்சில் மடக்குகிற ஆள் நீங்கள். எனக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தந்தவர். பக்கத்து வீட்டு ஆய்னிஸா அண்ணி, ஆறு மாதம் வகுப்புக்குப் போனவர், கேட்ட மாத்திரத்தில் “இடது கை” என்றார். தாளில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தேன். “துர்குன், 34 வயது, எழுத்தறிவற்றவர். தன் அனுபவத்துக்கு வெளியே உள்ள கூற்றிலிருந்து முடிவுக்கு வர இயலவில்லை.” அரபு எழுத்து தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

(இதை மறுபடி படித்தபோதுதான் ‘பக்கத்து வீட்டு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அந்தத் தாளில் அண்ணியை அப்படித்தான் பதிந்தார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் கூடாதாம்.)

வேண்டுமென்றேதானே அப்படிச் சொன்னீர்கள்? ஏன் அண்ணா?

லோலாவுக்கு முத்தம்.

ஹாஜர்

&nbsp;

கராதெராக்
2 செப்டம்பர் 1932

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி? இங்கே பருத்தி வேலை முதுகை முறிக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குப் பருத்தி மட்டும் காரணமில்லை.

இதைத் தபாலில் போடவில்லை. பருத்தி வண்டியோடு சமர்கந்து வரும் ஆளிடம் கொடுத்திருக்கிறேன். படித்ததும் எரித்துவிடு.

போன வருஷம் வசந்தகாலத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் கையில் தாள் வைத்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “கூலிக்கு ஆள் வச்சுப் பயிர் பண்றவன் எல்லாம் குலாக்கு. ஊரைச் சுரண்டுற பணக்காரன். புரியுதா?” புரிந்தது என்றோம். “நார்மத் போன அறுவடைக்குக் கூலிக்கு ரெண்டு பேர் வச்சாரு. சரியா?” சரி என்றோம். “அப்ப நார்மத் யாரு?”

எனக்குத்தான் உடனே விடை தெரிந்துவிட்டதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நான் முந்திக்கொண்டேன். “குலாக்கு” என்றேன். “இவரு கெட்டிக்காரர்” என்று தாளில் என் பெயரை எழுதினார்.

நார்மத் அந்த வருஷம் கால் முறிந்து கிடந்தார். அதனால்தான் ஆள் வைத்தார். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் மாவட்டத்துக்காரர் கேட்ட கேள்விக்குள் அந்தக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் நார்மத்தையும் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, “வாய்க்கால் மடையைப் பாத்துக்க, துர்குன்” என்றார்.

உன் மாஸ்கோ அம்மாளின் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்தக் கரீமின் முகம் தெரிந்தது. அந்த ஊரில் இடது கைக்காரர்களை என்ன செய்யப் போகிறார்களோ, யார் கண்டது? நான் ஒருமுறை முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு ஆயுளுக்கு அது போதும்.

அந்தத் தாளில் எழுதியது அப்படியே இருக்கட்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பண்ணைத் தலைவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, “இவனுக்கு அவ்வளவுதான் ஓடும்” என்று சிரித்தார். இப்போதெல்லாம் என்னை எந்தச் சாட்சிக்கும் கூப்பிடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

&nbsp;

சமர்கந்து
20 செப்டம்பர் 1932

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். வண்டிக்காரர் வந்து பார்த்தார். சொன்னபடி செய்துவிட்டேன். நலமாக இருக்கிறேன்.

நேற்று நிறுவனத்தில் கோடைக்கால வேலையின் அறிக்கையைப் படித்தார்கள். உங்கள் பதிலும் அதில் இருந்தது. “கரீமையே கூப்பிட்டுக் கேட்டுடுங்களேன்” என்ற இடத்தில் கூடம் முழுவதும் சிரிப்பு. அது கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. குழந்தை எதையாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. இடைவேளையில் ஒரு மாணவன் தாடியைத் தடவுவது போலக் காட்டி உங்களை மாதிரிப் பேசினான். “டீ ஆறுது, குடிங்க.” என் பக்கத்தில் நின்ற பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது.

அதன்பின் நான் லீதியா பவ்லோவ்னாவைப் பார்த்துக் கொஞ்சம் பேசினேன். பெரிதாக ஒன்றுமில்லை.

அண்ணிக்கு ஊசி அனுப்பியிருக்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

ஹாஜர்

&nbsp;

கராதெராக்
25 அக்டோபர் 1932

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? ஊசி வந்தது. அண்ணி அதை யாருக்கும் இரவல் தரமாட்டேன் என்கிறாள். லோலாவையும் வகுப்பில் சேர்த்துவிட்டோம். புது எழுத்தில் தன் பெயரைச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறாள்.

அந்த அம்மாளிடம் என்ன பேசினாய்? ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று நீ எப்போது சொல்வாய் என்று உன் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். யாரோ ஒரு பையன் என்னைப் போலப் பேசிக் காட்டினால் எனக்கு என்ன குறைந்துவிடும்? சிரித்துவிட்டுப் போகட்டும் ஹாஜர். சிரிக்கிறவரைக்கும் நல்லது.

உடனே பதில் போடு.

அண்ணன்

&nbsp;

சமர்கந்து
14 ஜனவரி 1933

அண்ணா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான் இருக்கிறேன். ஏறக்குறைய நான்கு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். இதையும் ஆள் கையில்தான் அனுப்புகிறேன்.

செப்டம்பரில் அந்த அம்மாளிடம் நான் வெறுமனே பேசவில்லை. எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். அவர் என் அண்ணன், அவருக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது, அப்படி ஒரு கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லி ஒரு குடும்பம் போனதால்தான் மறுத்தார், இதை யோசிக்கத் தெரியாமை என்று எழுதுவது அநியாயம் என்று எழுதினேன். நார்மத் பெயரையும் எழுதினேன். பெயர் இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். “நாம சிந்தனையை ஆராயறோம் ஹாஜர். பயத்தை இல்ல. இது இந்த ஆராய்ச்சிக்குள்ள வராது” என்றார். “அப்ப எதுக்குள்ள வரும்?” என்றேன். அவர் என் தாளை உங்கள் தாளுக்குப் பின்னால் வைத்துக் குத்தினார். கிழித்துப் போட்டிருக்கலாம். நேர்மையானவர். அதனால் கிழிக்கவில்லை.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்தது. குடியரசின் உழைக்கும் மக்களை யோசிக்கத் தெரியாதவர்கள் என்று எழுதி இந்த ஆராய்ச்சி அவமானப்படுத்திவிட்டதாம். கோப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். லீதியா பவ்லோவ்னா மாஸ்கோ போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர். ஒருவர் நம் கோகந்து ஊர்க்காரர். என் நான்கு பக்கம் அவர் கையில் இருந்தது.

“ரொம்ப நல்லது, தோழி. நம்ம விவசாயிக்கு எல்லாம் புரியுதுன்னு நீங்க ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார்.

“அப்ப உங்க அண்ணனுக்குப் புரிஞ்சது. புரிஞ்சும் சொல்லல.”

“ஆமாம்.”

“தெரிஞ்சே மறைச்சாரு.”

“மறைக்கல. பயம்.”

“யாருகிட்ட பயம்? குலாக்கை அனுப்பினதுக்கு வருத்தப்படறாரா?”

நான் என்ன சொன்னாலும் அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல எழுதிக்கொண்டார்.

அண்ணா, யாராவது வந்தால் கேள்வி அன்றைக்குப் புரியவில்லை என்றே சொல்லுங்கள். என் கடிதங்களை எரித்துவிடுங்கள். அரபு எழுத்தில் இனி எழுதவேண்டாம்.

ஹாஜர்

&nbsp;

கராதெராக்
9 பிப்ரவரி 1933

என் கண்மணி ஹாஜருக்கு,

எனக்கு வேறு எழுத்து தெரியாது. அதனால் இந்த ஒருமுறை பொறுத்துக்கொள். நாங்கள் நலம்.

உன் கடிதத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர். அண்ணி ரொட்டியும் டீயும் கொடுத்தாள். கரீமைப் பற்றிக் கேட்டார்கள். இந்தத் தடவை “இடது கை” என்றேன். ஒருவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

“அப்ப போன வருஷம் ஏன் சொல்லல?” என்றார் மற்றவர்.

“அன்னைக்குப் புரியலீங்க.”

“இப்ப எப்படிப் புரிஞ்சது? வகுப்புக்குப் போனீங்களா?”

“இல்லீங்க.”

“வகுப்புக்கும் போகல. புது எழுத்தும் படிக்கல. ஆனா இப்ப புரியுது. அப்ப, அன்னைக்கும் புரிஞ்சிருக்கணும். இல்லையா?”

அவர் சொன்னது சரிதான் ஹாஜர். அதில் ஓட்டையே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாததையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கைந்து கேள்விதானாம். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் அண்ணன் முட்டாள் இல்லை என்று நீ உலகத்துக்குச் சொல்ல நினைத்தாய். அதில் தப்பு என்ன இருக்கிறது? எனக்குள்ளும் ஒரு மூலையில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மாடு சினையாக இருக்கிறது. பனி இந்த வருஷம் அதிகம், வாய்க்காலில் நல்ல தண்ணீர் வரும். உன் வேலையை விட்டுவிடாதே.

அண்ணன் துர்குன்

&nbsp;

சமர்கந்து
6 மார்ச் 1933

அன்புள்ள அண்ணாவுக்கு,

வியாழன் போய் மூன்று வாரமாகப் போகிறது. யாரும் எழுதவில்லை. ஊருக்கு வர விடுப்புக் கேட்டேன், விசாரணை முடியும்வரை நகரத்தை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். கோகந்துக்காரரைப் பார்க்க இரண்டு முறை போனேன். வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

லீதியா பவ்லோவ்னாவுக்கு எழுதினேன். அஞ்சலட்டையில் நான்கு வரி வந்தது. இப்போது குழந்தைகளின் கையெழுத்தைப் பற்றி ஆராய்கிறாராம். என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

யாராவது ஒரு வரி எழுதுங்கள். எந்த எழுத்திலாவது.

ஹாஜர்

&nbsp;

கராதெராக்
11 மே 1933

ஹாஜருக்கு,

அண்ணி ஆய்னிஸா எழுதுகிறேன். இது நான் எழுதும் முதல் கடிதம். பிழை இருக்கும். நானும் லோலாவும் இருக்கிறோம். நீ நலமா.

வியாழக்கிழமை அவர் போனார். வரவில்லை. நான் ரொட்டி எடுத்துக்கொண்டு மாவட்டத்துக்கு நான்கு தடவை போனேன். மூன்று தடவை வாங்கிக்கொண்டார்கள். நாலாம் தடவை வாங்கவில்லை. “இங்க இல்லம்மா” என்றார் வாசலில் இருந்தவர். “எங்க?” என்றேன். “வடக்க.” “வடக்க எங்க?” “அதெல்லாம் எனக்குச் சொல்லமாட்டாங்க.” அவர் நல்லவர். தண்ணீர் கொடுத்தார்.

உனக்கு எழுத இத்தனை நாள் எனக்குக் கை வரவில்லை. கோபம் இருந்தது. இப்போது அதற்கும் தெம்பில்லை.

மனு கொடுக்கலாம் என்று பண்ணையில் சொல்கிறார்கள். நான் புது எழுத்தில் எழுதிக் கொடுத்தால் மதிப்பார்களாம். என்ன எழுதுவது? அவருக்குக் கேள்வி புரிந்தது என்று எழுதவா, புரியவில்லை என்று எழுதவா? எதை எழுதினால் விடுவார்கள்? நீ படித்தவள். அவர்கள் நடுவில் இருந்தவள். எனக்குச் சொல்.

அண்ணி

&nbsp;

சமர்கந்து
30 மே 1933

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. ஒரு பிழையும் இல்லை. அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு மனுக்களை எழுதிப் பார்த்தேன். புரிந்தது என்று எழுதினால், அரசிடம் தெரிந்தே மறைத்தவர் ஆகிறார். புரியவில்லை என்று எழுதினால், விசாரணைக் குழு கண்டுபிடித்ததைப் பொய் என்கிறவர்கள் ஆகிறோம். பயந்தார் என்று எழுத ஆரம்பித்தேன். எதற்குப் பயம் என்ற கேள்வி வரும். மூன்றாவது வரிக்கு மேல் போக முடியவில்லை. எனக்குத் தெரியவில்லை அண்ணி. இதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தீர்கள், எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் அண்ணாவுக்கு எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மூன்று பேரும் கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘சோவியத் அறிவியலாளர்களிடம் என் சகோதரர் துர்குன் தன் உண்மையான கருத்தை அறிந்தே மறைத்தார்’ என்று அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் நான் எழுதியதுதான். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன். அண்ணாவுக்கு நல்லது செய்வதாகக் கொஞ்சம் நினைத்தேன், என்னைக் காப்பாற்றிக்கொள்வதாகக் கொஞ்சம் நினைத்தேன். எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியவில்லை. இதைத் தெரிந்தபின் நீங்கள் எனக்கு எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

நேற்று நகரத்தை விட்டுப் போக அனுமதி கொடுத்துவிட்டார்கள். வேலையும் இல்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஏற்றுக்கொள்வதும் மாட்டேன் என்பதும் உங்கள் விருப்பம். வீட்டுக்குள் வேண்டாம் என்றால், பகலில் வகுப்பில் லோலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், இரவில் தொழுவத்தில் படுத்துக்கொள்வேன்.

வடக்கே கோடையிலும் குளிருமாம். இங்கே நல்ல ஆட்டுக் கம்பளி நூல் கிடைத்தது. ஒரு ஜோடிக் காலுறை பின்னி முடித்துவிட்டேன், இரண்டாவது ஜோடி நடக்கிறது. அண்ணாவின் கால் அளவு எனக்குச் சரியாக நினைவில்லை. அவருடைய பழைய செருப்பு இருந்தால் எடுத்து வையுங்கள். முகவரி தெரிந்ததும் அனுப்பலாம்.

ஹாஜர்